சாம்பியன் அணி ஏன் சரிகிறது? 2020 பேட்ரியாட்ஸை வைத்து ஓர் எளிய விளக்கம்

2020 சீசனில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 16 ஆட்டம் ஆடி, 7 வென்று, 9 தோற்று, கோப்பைக்காகக் கடைசியில் நடக்கும் பிளேஆஃப் சுற்றின் பக்கமே போகாமல் வீடு திரும்பியது. இதில் என்ன பெரிய விஷயம், 32 அணியில் 18 அணி அந்த வருடம் வெளியேதானே நின்றது என்று புதிதாக அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்தவர் கேட்கலாம். விஷயம் இருக்கிறது. அதற்கு முந்தைய 19 சீசனில் இந்த அணி 17 தடவை தன் டிவிஷனில் (லீக்கை நான்கு நான்கு அணியாகப் பிரித்த குழுவில்) முதலிடம், 9 தடவை சூப்பர் பவுல் என்கிற இறுதி ஆட்டம், அதில் 6 கோப்பை. 2001 முதல் 2019 வரை தோல்வி வெற்றியைத் தாண்டிய சீசன் ஒன்றுகூட இல்லை. பாஸ்டன் பக்கம் ஒரு தலைமுறையே பிளேஆஃப் நடக்கும் ஜனவரியில் தன் அணி வீட்டில் உட்கார்ந்திருப்பதை அதிகம் பார்க்காமலே வளர்ந்துவிட்டது.

ஏன் சரிந்தது என்று யாரைக் கேட்டாலும் "டாம் பிரேடி போய்விட்டார், அவ்வளவுதான்" என்பார்கள். எனக்கு இந்தப் பதில் போதவில்லை. அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் பிரேடி வேறு அணிக்குப் போனது உண்மை, அது பெரிய அடி என்பதும் உண்மை. ஆனால் என்எஃப்எல் என்கிற இந்த அமெரிக்கன் ஃபுட்பால் லீக் ஜெயிக்கிறவனைக் கீழே இழுக்கவும் தோற்கிறவனை மேலே தூக்கவும் திட்டமிட்டே கட்டப்பட்டது. அதைப் புரிந்துகொள்ளாமல் 2020ஐப் பார்த்தால் ஒரு ஆளின் கதையாக மட்டும்தான் தெரியும். அந்தக் கட்டமைப்பைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

ஆட்டமே தெரியாதவர்களுக்கு முதலில் இரண்டு வார்த்தை. களத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சி. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும், இப்படியே போய் எதிராளியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் டச்டவுன், 6 புள்ளி. ஒவ்வொரு முயற்சியிலும் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது, தானே ஓடுவதா என்று சில விநாடிக்குள் முடிவெடுக்கிறவர் குவார்ட்டர்பேக். அணியிலேயே முக்கியமான ஆள் அவர்தான், அதிகச் சம்பளமும் பெரும்பாலும் அவருக்குத்தான். அந்த அதிகச் சம்பளம் என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

சரி, லீக் எப்படி இழுக்கிறது? முதல் கயிறு சாலரி கேப். 1994 முதல், 2010 தவிர, ஒவ்வொரு அணியும் வீரர்களுக்குச் செலவழிக்க ஒரே உச்சவரம்புதான். முதலாளி எவ்வளவு பணக்காரராக இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது. 2020இல் அந்த வரம்பு 19.82 கோடி டாலர். ஐரோப்பியக் கால்பந்தில் பணமுள்ள கிளப் எல்லா நட்சத்திரங்களையும் வாங்கிப் போட்டு வருடக்கணக்கில் மேலேயே இருக்கலாம். இங்கே அது நடக்காது. நன்றாக ஆடி ஜெயித்த அணியில் எல்லோருடைய விலையும் ஏறும், ஆனால் பை அதே அளவுதான், ஆகவே சிலரை விட்டே ஆகவேண்டும், விட்டவர்களைத் தோற்ற அணிகள் வாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது டிராஃப்ட். கல்லூரியிலிருந்து வரும் புது வீரர்களை ஆண்டுதோறும் ஏப்ரலில் 7 சுற்றாகத் தேர்ந்தெடுப்பார்கள். போன சீசனில் கடைசி இடம் பிடித்த அணி முதலில் எடுக்கும், சூப்பர் பவுல் ஜெயித்த அணி சுற்றின் கடைசியில், 32ஆவதாக எடுக்கும். தோற்றவனை இரண்டாம் பிரிவுக்குத் தள்ளும் வழக்கம் இங்கே கிடையாது. தோற்றவனுக்குத்தான் முதல் மரியாதை. அதோடு புது வீரரின் சம்பளம் அவர் எத்தனையாவதாக எடுக்கப்பட்டார் என்பதை வைத்து ஏறக்குறைய முன்கூட்டியே நிர்ணயமாகிவிடும், ஒப்பந்தம் நான்கு வருடம், முதல் சுற்று வீரரானால் அணி விரும்பினால் ஐந்தாவது வருடமும் உண்டு. அதாவது டிராஃப்டில் ஒரு நல்ல குவார்ட்டர்பேக் கிடைத்துவிட்டால், களத்தில் அதிகம் தேவைப்படும் ஆளைச் சில வருடம் மலிவு விலையில் வைத்துக்கொண்டு மிச்சப் பணத்தில் சுற்றிலும் ஆள் சேர்க்கலாம். இன்றைய என்எஃப்எல்லில் வேகமாக எழும் அணிகளில் பெரும்பாலானவை எழுவது இந்த வழியில்தான்.

மூன்றாவதாக அட்டவணையும் ஒன்று இருக்கிறது, போன வருடம் முதலிடம் பிடித்தவன் இந்த வருடம் வேறு டிவிஷன்களின் முதலிடக்காரர்களோடு கூடுதலாக மோத வேண்டும். 2020இல் அப்படி இரண்டு ஆட்டம்தான். சின்ன விஷயம், விட்டுவிடலாம்.

இவ்வளவையும் மீறி பேட்ரியாட்ஸ் எப்படி இருபது வருடம் மேலே நின்றது? கோச் பில் பெலிச்சிக் 2000இல் வந்தார். அதே வருடம் டிராஃப்டின் ஆறாவது சுற்றில், 199ஆவது ஆளாக, பிரேடியை எடுத்தார்கள். 2001 செப்டம்பரில் முதல்நிலை குவார்ட்டர்பேக் ட்ரூ பிளெட்ஸோ காயப்பட, உள்ளே வந்த பிரேடி அந்த சீசன் முடிவதற்குள் கோப்பையே வென்றுவிட்டார். ஆறாம் சுற்றில் வந்தவருக்கு ஆரம்ப வருடங்களில் சம்பளம் ரொம்பக் குறைவு. பின்னால் உலகமே கொண்டாடும் ஆளான பிறகும், பல வருடம் சந்தையில் கிடைக்கக்கூடியதைவிடக் குறைவாகவே வாங்கினார். எல்லா அணிக்கும் ஒரே பைதான் என்கிற லீக்கில், பெரிய செலவு இருக்கவேண்டிய இடத்தில் இவர்களுக்கு மட்டும் மிச்சம் விழுந்துகொண்டே இருந்தது. பெலிச்சிக்கும் ஈவிரக்கம் பார்க்காதவர், விலை ஏறிய வீரரை ஒரு வருடம் முன்பே அனுப்பிவிடுவார், வேறு அணி வேண்டாம் என்று ஒதுக்கியவரைக் குறைந்த விலைக்குக் கூட்டிவந்து அவருக்கென்று ஒரு வேலையைக் கண்டுபிடித்துக் கொடுப்பார். இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். என்எஃப்எல் வரலாற்றில் இவ்வளவு நீண்ட காலம் அந்தக் கயிறுகளை எதிர்த்து நின்ற வேறு கூட்டணியை எனக்குத் தெரியாது.

இப்போது என் வாதத்துக்கான முக்கியமான சாட்சி: 2008. அந்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே பிரேடிக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது, வருடம் முழுக்க ஆடவில்லை. அவருக்குப் பதில் வந்தவர் மேட் கேசல், கல்லூரியில்கூட குவார்ட்டர்பேக்காக ஓர் ஆட்டத்தையும் ஆரம்பித்து ஆடாதவர். அந்த அணி 11 வென்று 5 தோற்றது. பிளேஆஃப் கிடைக்கவில்லைதான், ஆனால் 11 வெற்றி என்பது பல அணிகள் கனவு காணும் கணக்கு. முந்தின வருடம் 16க்கு 16 வென்ற அதே கூட்டம் சுற்றிலும் இருந்ததால் ஒரு சாதாரண குவார்ட்டர்பேக்கை வைத்தே தாக்குப்பிடிக்க முடிந்தது. 2020இலும் பிரேடி இல்லை, ஆனால் 7 வெற்றிதான். இரண்டு வருடத்திலும் பிரேடி இல்லை என்பது பொது. மாறியது சுற்றியிருந்த அணி.

அது எப்படி மெலிந்தது என்பதற்கு டிராஃப்டைப் பாருங்கள். 2020இல் அணியின் முதுகெலும்பாக இருந்திருக்க வேண்டியவர்கள் 2016 முதல் 2019 வரை எடுக்கப்பட்ட பையன்கள். 2016இல் முதல் சுற்றுத் தேர்வே இல்லை, பந்தில் காற்று குறைத்த விவகாரத்துக்குத் தண்டனையாக லீக் பறித்துக்கொண்டது. 2017இல் முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்து பிராண்டின் குக்ஸ் என்ற ரிசீவரை (எறியும் பந்தைப் பிடிக்கும் ஆளை) வாங்கினார்கள், அவர் ஒரே சீசன் ஆடிவிட்டுப் போய்விட்டார். 2019இல் கோப்பை வென்ற கையோடு 32ஆவதாகக் காத்திருந்து நகீல் ஹாரி என்ற ரிசீவரை எடுத்தார்கள். அவர் தன் முதல் சீசனில் பிடித்தது மொத்தமே 12 பந்து. அவருக்குப் பின்னால் அதே டிராஃப்டில் போன ரிசீவர்கள் டீபோ சாமுவேல், ஏ.ஜே. பிரவுன், டி.கே. மெட்காஃப். மூவருமே பெரிய நட்சத்திரங்கள் ஆனார்கள். இது அதிர்ஷ்டக்கேடு இல்லை, பெலிச்சிக்கின் தேர்வுப் பிழை என்றுதான் நான் சொல்வேன். ஆனால் வருடாவருடம் வரிசையின் கடைசியில் நின்று எடுக்கிறவனுக்குப் பிழை செய்ய இடம் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2019 சீசனைச் சரியாகப் பார்த்தவர்களுக்கு விரிசல் அப்போதே தெரிந்திருக்கும். கணக்கு என்னவோ 12 வெற்றி, 4 தோல்வி, ஆரம்பத்தில் தொடர்ந்து 8 வெற்றி. ஆனால் அதைத் தூக்கிச் சுமந்தது டிஃபென்ஸ், அதாவது எதிரணியிடம் பந்து இருக்கும்போது தடுக்கும் ஆட்கள். சீசன் முழுக்க விட்டுக்கொடுத்தது வெறும் 225 புள்ளி, லீக்கிலேயே குறைவு. பிரேடி எறிவதைப் பிடித்துவந்த ராப் கிரான்கவ்ஸ்கி 2019 மார்ச்சில் ஓய்வு அறிவித்துவிட்டார். அவர் இல்லாத அஃபென்ஸில் (பந்து வைத்து ஆடும் பக்கத்தில்) பிரேடி எறிவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். கடைசி ஆட்டத்தில், சொந்த மைதானத்தில், அந்த வருடம் தத்தளித்துக்கொண்டிருந்த மயாமி டால்ஃபின்ஸிடம் 27-24 என்று தோற்றார்கள். அடுத்த வாரம் பிளேஆஃபில் டென்னசி டைட்டன்ஸிடம் 20-13. பேட்ரியாட்ஸ் சட்டையில் பிரேடி எறிந்த கடைசிப் பந்தை எதிரணிக்காரர் பிடித்துக்கொண்டு போய் டச்டவுனே அடித்துவிட்டார்.

2020 மார்ச் 17, பிரேடி கிளம்புவதாக அறிவித்தார். சில நாளில் ஃபுளோரிடாவின் டாம்பா பே பக்கனீர்ஸோடு ஒப்பந்தம். இங்கேதான் புதியவர்களுக்குக் குழப்பமான ஒரு விஷயம் வருகிறது: போன ஆளுக்கும் சம்பளக் கணக்கில் இடம் போகும். எப்படி என்று சொல்கிறேன். 2019 ஆகஸ்டில் பிரேடிக்குக் கொடுத்த சைனிங் போனஸ் 2.025 கோடி டாலர். கையில் பணமாக அப்போதே கொடுத்தாகிவிட்டது. ஆனால் சாலரி கேப் கணக்கில் போனஸைப் பல வருடத்துக்குப் பிரித்துக் காட்ட விதி அனுமதிக்கிறது, ஆகவே 67.5 லட்சமாக மூன்று வருடத்துக்குப் பிரித்தார்கள், பின்னிரண்டு வருடம் அவர் ஆடமாட்டார் என்று தெரிந்தே பெயருக்குச் சேர்க்கப்பட்டவை. 2019இல் அதனால் கொஞ்சம் இடம் மிச்சமானது. அவர் அணியை விட்டதும் மீதி இரண்டு பங்கும் ஒன்றாக 2020 கணக்கில் வந்து விழுந்தது: 1.35 கோடி டாலர். களத்தில் இல்லாத ஆளுக்கு. இதைத்தான் டெட் மணி என்பார்கள். ஜெயிக்கும் அணிகள் எல்லாமே இதைச் செய்கின்றன, இன்றைக்கு ஜெயிக்க நாளைய இடத்தைக் கடன் வாங்குகின்றன, தப்பே இல்லை, நானாக இருந்தாலும் செய்வேன். ஆனால் ஒரு வருடம் அந்தக் கடன் வாசலில் வந்து நிற்கும்.

வந்து நின்ற வருடம் 2020. கையில் இடம் இல்லாததால் டிஃபென்ஸில் தூணாக இருந்த லைன்பேக்கர்களை (தடுப்பின் நடு வரிசை ஆட்களை) தக்கவைக்க முடியவில்லை. கைல் வான் நாய் மயாமிக்குப் போனார், ஜேமி காலின்ஸ் டெட்ராய்டுக்கு. பல வருடம் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் அஃபென்ஸிவ் லைனைக் கட்டி வளர்த்த கோச் டான்டே ஸ்கார்னெக்கியா ஓய்வு பெற்றார். அப்புறம் கொரோனா. தொற்றுக்குப் பயந்து அல்லது குடும்பத்தை நினைத்து, அந்த சீசனை ஆடாமல் விலகிக்கொள்ள லீக் வாய்ப்புக் கொடுத்தது. பேட்ரியாட்ஸில் 8 பேர் விலகினார்கள், வேறெந்த அணியிலும் இவ்வளவு இல்லை. டோன்டா ஹைடவர், பேட்ரிக் சங், மார்கஸ் கேனன் என்று மூன்று மூத்த ஆட்கள் அதில் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, வாழ்க்கை ஆட்டத்தைவிடப் பெரியது. ஆனால் அணி இன்னும் மெலிந்தது.

குவார்ட்டர்பேக்காகக் கேம் நியூட்டனைக் கோடைக் காலத்தில் ஒரு வருடத்துக்கு எடுத்தார்கள். 2011 டிராஃப்டின் முதல் ஆள், 2015இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர், ஆனால் தோளிலும் காலிலும் காயப்பட்டுப் பழைய அணி விடுவித்தவர். அடிப்படைச் சம்பளம் அவரைப் போன்ற மூத்த வீரருக்கு லீக் வைத்திருக்கும் அடிமட்டம். அவ்வளவுதான் கையில் இருந்தது.

சீசன் ஆரம்பம் மோசமில்லை, இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முதல் ஆட்டத்தில் மயாமியை 21-11 என்று வென்றார்கள், நியூட்டன் தானே ஓடி இரண்டு டச்டவுன். இரண்டாவது வாரம் சியாட்டிலில் 35-30 என்று தோல்வி. கடைசி முயற்சியில், ஒரே ஒரு யார்டு மிச்சமிருக்க, நியூட்டனைத் தடுத்துவிட்டார்கள். அன்று சியாட்டிலுக்காக டச்டவுன் பிடித்தவர்களில் ஒருவர் அதே டி.கே. மெட்காஃப். அக்டோபர் ஆரம்பத்தில் நியூட்டனுக்குக் கொரோனா உறுதியானது, கான்சஸ் சிட்டி ஆட்டம் தள்ளிப்போய், அவர் இல்லாமல் ஆடி 26-10 என்று தோற்றார்கள். திரும்பி வந்தவர் பழைய வேகத்தில் இல்லை. டென்வரிடம் சொந்த மண்ணில் தோல்வி, சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 33-6. அடுத்து பஃபலோ பில்ஸோடு நடந்த ஆட்டத்தில் மூன்று புள்ளி பின்தங்கி, கடைசி நிமிடத்தில் எல்லைக்கு அருகே வரை போய், நியூட்டன் கையிலிருந்து பந்து நழுவியது. 2 வெற்றி, 5 தோல்வி. சியாட்டிலில் ஒரு யார்டு, பஃபலோவில் ஒரு பிடி. பழைய பேட்ரியாட்ஸ் இப்படிப்பட்ட ஆட்டங்களைத்தான் வருடக்கணக்கில் ஜெயித்துக்கொண்டிருந்தது. நெருக்கமான ஆட்டங்களில் கொஞ்சம் திறமை, கொஞ்சம் தற்செயல் இரண்டும் கலந்திருக்கும். அணி மெலியும்போது தற்செயலும் கைவிட்டது மாதிரி தோன்றும்.

நவம்பரில் கொஞ்சம் மீண்டார்கள், மழையில் பால்டிமோரை வென்றது அழகான ஆட்டம். டிசம்பரில் சார்ஜர்ஸை 45-0 என்று நசுக்கினார்கள், அந்த நான்கு நாள் ரசிகர்களுக்கு நம்பிக்கை இருந்தது. பிறகு ராம்ஸிடம் 24-3, மயாமியிடம் 22-12, அத்தோடு பிளேஆஃப் வாய்ப்பு முடிந்தது. பஃபலோ பேட்ரியாட்ஸின் சொந்த ஊரான ஃபாக்ஸ்பரோவுக்கே வந்து 38-9 என்று அடித்தது. அந்த மைதானத்தில் அந்த சீசன் முழுக்க பார்வையாளர்களே கிடையாது. மொத்தத்தில் அடித்தது 326 புள்ளி, முந்தின வருடம் 420. விட்டது 225இலிருந்து 353. இந்த இரண்டாவது ஜோடியைத்தான் உற்றுப் பார்க்கச் சொல்கிறேன். குவார்ட்டர்பேக் டிஃபென்ஸ் ஆடுவதில்லை. நியூட்டன் 8 டச்டவுன் பாஸும், எதிரணி பிடித்துக்கொண்ட பந்தாக 10 இன்டர்செப்ஷனும் எறிந்தார், மோசமான கணக்கு, அந்தத் தடுமாற்றம் டிஃபென்ஸை அதிக நேரம் களத்தில் நிறுத்தியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 128 புள்ளி வித்தியாசத்தை அவர் தலையில் மட்டும் கட்ட முடியாது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும்: அதே வருடம் பிரேடி டாம்பாவில் 40 டச்டவுன் பாஸ் எறிந்து, 2021 பிப்ரவரியில் கான்சஸ் சிட்டியை 31-9 என்று வென்று சூப்பர் பவுலையே தூக்கினாரே, அப்படியானால் எல்லாம் பிரேடிதானே? இதற்குப் பதில் டாம்பாவின் பழைய கணக்கில் இருக்கிறது. 2019இல் டாம்பா 7 வெற்றி, 9 தோல்வி. பேட்ரியாட்ஸ் 2020இல் எடுத்த அதே கணக்கு. அதோடு 12 சீசனாக பிளேஆஃபே பார்க்காத அணி. அந்தத் தோல்வி வருடங்களில் டிராஃப்ட் வரிசையில் முன்னால் நின்று அவர்கள் சேர்த்தவர்களைப் பாருங்கள்: ரிசீவர் மைக் எவன்ஸ் 7ஆவது தேர்வு, வீட்டா வியா 12ஆவது, டெவின் வைட் 5ஆவது, டிரிஸ்டன் வெர்ஃப்ஸ் 13ஆவது. கோப்பை வென்ற அணியின் தூண்கள் இவர்கள். அவர்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்று, 2019இல் அவர்களுடைய குவார்ட்டர்பேக் 30 இன்டர்செப்ஷன் எறிந்திருந்தார். 43 வயது பிரேடி, ஓய்விலிருந்து திரும்பிய கிரான்கவ்ஸ்கியையும் சேர்த்துக்கொண்டு, அந்த ஓட்டையை அடைத்தார். தோல்வியின் பலன்களைச் சேர்த்து வைத்திருந்த வீட்டுக்குள் அவர் நுழைந்தார். வெற்றியின் கடன்கள் சேர்ந்திருந்த வீட்டை விட்டு வெளியேறினார். பிரேடியின் பெருமை இதனால் ஒரு துளியும் குறையாது.

பஃபலோவும் அப்படித்தான். இந்த நூற்றாண்டின் முதல் 17 வருடம் பிளேஆஃப் காணாத அணி, 2018 டிராஃப்டில் 7ஆவதாக ஜாஷ் ஆலன் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. 2020 அவருக்கு மூன்றாவது வருடம், சம்பளம் இன்னும் ரூக்கி ஒப்பந்தத்தில், அதாவது புது வீரருக்கான அந்த மலிவு ஒப்பந்தத்தில். 13 வெற்றி, 3 தோல்வி, 1995க்குப் பிறகு முதல்முறையாக டிவிஷன் பட்டம். பேட்ரியாட்ஸ் தொடர்ந்து 11 வருடம் வைத்திருந்த பட்டம் அது.

2021 மார்ச்சில் டெட் மணி கணக்கிலிருந்து நீங்கியதும் பேட்ரியாட்ஸ் பணத்தை வாரி இறைத்து ஆள் வாங்கியது. கொரோனாவால் கேப் 18.25 கோடிக்குக் குறைந்து மற்ற அணிகள் திணறிக்கொண்டிருந்த நேரம் அது, சாமர்த்தியமான நகர்வு. டிராஃப்டில் மேக் ஜோன்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை 15ஆவதாக எடுத்து, 10 வெற்றி, 7 தோல்வி என்று பிளேஆஃபுக்குப் போய், அங்கே பஃபலோவிடம் 47-17 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஆனால் 7-9, 10-7, 8-9 என்ற நடுத்தர வருடங்கள்தான் இந்த லீக்கில் மிகக் கஷ்டமான இடம் என்று நினைக்கிறேன். கோப்பையும் கிடைக்காது, வரிசையில் முன்னால் நிற்கவும் முடியாது. 2023இல் 4 வெற்றி, 13 தோல்வி என்று நிஜமாகவே தரைதட்டிய பிறகு பெலிச்சிக் 24 சீசன் முடித்துக் கிளம்பினார். அந்தத் தோல்விகளுக்கு ஈடாக 2024 டிராஃப்டில் 3ஆவது இடம் கிடைத்தது, டிரேக் மே என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். அந்த வருடமும் 4-13தான். 2025இல் புது கோச் மைக் வ்ரேபல் வந்தார், முதல் மூன்று கோப்பை வென்ற பேட்ரியாட்ஸில் லைன்பேக்கராக இருந்தவர். 14 வெற்றி, 3 தோல்வி, நேராக சூப்பர் பவுல் வரை. அங்கே சியாட்டிலிடம் தோற்றார்கள். டிரேக் மே இன்னும் ரூக்கி ஒப்பந்தத்தில்தான் ஆடுகிறார். அது முடிந்து பெரிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் வருடம், சுற்றியிருப்பவர்களில் யாரையெல்லாம் விட வேண்டி வருகிறது என்பதைத்தான் நான் அடுத்து கவனிக்கப் போகிறேன்.